உப்பில்லாத தண்ணீர்

குழாய்த் தண்ணீர் கொடுக்கிறவனுக்கு நன்றி சொல்ல ஆள் வராது, ஏசுவதற்கு மட்டும் வாசலில் வரிசை நிற்கும். பம்படியில் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

தேற்றாத்தீவுக்கு அங்கால், கடல்நீர் ஏறும் வாவியோரத்தில் எங்கள் ஊர். கிணறெல்லாம் உவர். தூரத்து மணல்மேட்டில் குழாய்க்கிணறு அடித்து, ஊருக்குக் குழாய் போட்டு, பம்பை இயக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். மாரி முடிவதற்குள் சனம் குடிக்கத் தொடங்காவிட்டால் பம்பைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார் பொறியியலாளர்.

வாளியில் ஒரு மணம்

ஊர் எதைக் குடிக்கும் என்று தீர்மானிப்பது பாக்கியம் அக்காவின் சாப்பாட்டுக்கடை. காலைத் தேநீர் எல்லோருக்கும் அங்கேதான். முதல் நாள் ஒரு வாளி தண்ணீரைப் பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன். குளோரினைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன், என் பிழைதான். அக்கா குனிந்து மணந்து பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "என்ன தம்பி, இது குடிக்கிற தண்ணியா, ஆசுபத்திரி கழுவுற தண்ணியா?"

சப்பென்ற மீன்கறி

அளவைத் திருத்தி, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நாள் சமையலுக்குச் சம்மதிக்க வைத்தேன். மத்தியானம் கறிச்சட்டியோடு பம்படிக்கே வந்துவிட்டார். சாப்பிட வந்தவர்கள் பாதியில் எழும்பிப் போனார்களாம். தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் கறிக்கு ஒரு சிட்டிகைதான் போடுவார்கள், மீதியைக் கிணறு பார்த்துக்கொள்ளும். "உப்பைக் கொஞ்சம் கூடப் போடுங்க அக்கா" என்றேன். அவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "உப்பும் நானே போடுறதெண்டா, உன்ட தண்ணி பிறகு என்ன வேலை செய்யுது?"

வாவி ஏறிய கிழமை

மாரி வந்தது. வாவி வீதிக்கு ஏறி, கிணறும் கக்கூஸ் குழியும் ஒன்றாகின. மேட்டில் இருந்த பம்ப் மட்டும் ஓடியது. முதல் ஆளாக அக்கா குடத்தைக் குழாயடியில் வைத்தார். பின்னால் ஊரே வந்து நின்றது. மாரிக்கு மாரி வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஊரில், இம்முறை ஒரு பிள்ளைகூடப் போகவில்லை.

வெள்ளம் வடிந்ததும், சனம் இன்னும் குடிக்கவில்லை என்ற நினைப்பில், பம்பைக் கழற்ற ஆட்களோடு வந்தார் பொறியியலாளர். பம்படி வாசலை மறித்து நின்றார் பாக்கியம் அக்கா. "தண்ணீர் எப்படி?" என்று கேட்டார் பொறியியலாளர். அக்கா சொன்ன பதிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது: "தண்ணியில ஒரு குறையும் இல்ல சேர், உப்ப மட்டும் நாங்க போடணும்!"

இப்போது பம்பை ஐந்து நிமிடம் நிறுத்தினாலும் முதல் ஏச்சு அக்காவிடமிருந்துதான் வருகிறது. இந்தத் தொழிலில் இதற்குமேல் ஒரு விருது உண்டா?