இறுகிய டப்பாக்களின் விலை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தப் பார்த்த அப்பாவிடம் மல்லுக்கட்டிக் கல்லூரிக்குப் போனாள் சின்னவள். இரண்டு தடவை கவிழ்த்துவிட்ட கணக்குத் தேர்வை மூன்றாம் தடவை தாண்டினாள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லையே என்று இழுத்த பெயின்ட் கம்பெனியில் வேலையையும் வாங்கினாள், கழிப்பறையையும் வாங்கினாள். பதினாறு வருடம் கழித்து நிதி மேலாளர் நாற்காலியும் கிடைத்தது.

அதில் அதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முதலாமவர் நிழலைக் கண்டாலும் பயப்படுவார். கிடங்கில் ஒரு வருடம் தூங்கிய பெயின்ட் டப்பா இனி விற்காது என்று கணக்கில் பாதி விலைக்கு எழுதச் சொல்வார். லாபம் எலும்பும் தோலுமாய்க் கிடக்கும். அவர் ஓய்வு பெற்றதும் வந்தவர் சிரித்த முகக்காரர். எல்லாம் விற்றுவிடும் என்று முழு விலைக்கே எழுதவைத்தார். அதே கிடங்கு, அதே டப்பா. ஆள் மாறியதும் லாபம் கொழுத்துவிட்டது. விற்குமா விற்காதா என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கணக்கு விதியும் மேலாளரிடமே விட்டிருந்தது. தணிக்கையாளர் கிடங்கின் முன்வரிசையைப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போவார். கணக்கைத் தட்டச்சு செய்தவள் சின்னவள்தான்.

அந்த லாபத்தைக் காட்டி வங்கியில் வாங்கிய கடனில் இரண்டாம் ஷிஃப்ட் ஓடியது. அந்த ஷிஃப்டில்தான் அவள் அக்கா லேபிள் ஒட்டினாள்.

கணக்கு முடிக்கிற நேரத்தில் சிரித்த முகக்காரர் வேறு கம்பெனிக்குத் தாவினார். முதலாளி சின்னவளுக்கு நாற்காலியைக் கொடுத்து, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார்.

அவள் கிடங்குக்குப் போனாள். பின்வரிசையில் ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்; உள்ளே எதுவும் அசையவில்லை. மூடியை நெம்பி விரலால் தட்டினால் கல்லைத் தட்டியதுபோல் இருந்தது. பின்னால் இருந்த வரிசைகள் எல்லாமே அப்படித்தான். திரும்பிவந்து, இறுகியதையெல்லாம் நஷ்டமாகத்தான் எழுத வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னாள்.

“போன வருஷம் உனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும் சார். கையெழுத்து அவரோடது.”

“ஓகோ. நீ நாற்காலியில உக்காந்ததும் பெயின்ட் இறுகிடுச்சா?”

நஷ்டம் காட்டினால் வங்கி கையை விரித்துவிடும், இரண்டாம் ஷிஃப்டை மூட வேண்டியதுதான் என்று முதலாளி விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கக்கா எந்த ஷிஃப்ட்டும்மா?” என்று கேட்டார்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“உள்ளத எழுதலன்னா?”

“இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து வேலை போகும்.”

“நான் வேணாம்னா நிறுத்திடுவியா?”

“மாட்டேன்க்கா.”

“அப்புறம் என்னத்துக்குடி என்கிட்ட கேக்குற? சோறு ஆறுது, சாப்பிடு.”

அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சின்னவள் தணிக்கையாளரைப் பின்வரிசைக்கே அழைத்துப்போய் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவர் குலுக்கிப் பார்த்தபின் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டே மாதத்தில் இரண்டாம் ஷிஃப்ட் மூடப்பட்டது. வேலை போனவர்கள் கடைத்தெருவில் சின்னவளைக் கண்டால் காதுபட ஏசினார்கள். அக்காவை அந்த ஊரில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கே யாராவது கேட்டால், தங்கை நிதி மேலாளர் என்று சொல்வாள்.

அந்த வருடக் கணக்கின் கடைசிப் பக்கத்தில், நஷ்டத்துக்குக் கீழே, சின்னவள் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்ட நாள் 2004, ஜூன் 17, வியாழக்கிழமை.