ஆரஞ்சுப் பூஞ்சையும் ஒரு காக்காயும்

உருளைக்கிழங்கு வேகும் வாசனை... கூடவே பினாயில் நெடி. அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. காலையில் உள்ளே நுழைந்தால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரவேற்கும்.

கிழங்கு எங்களுக்கு இல்லை, பூஞ்சைக்கு. வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும், உறையவைக்க அகார் என்ற கடற்பாசித் தூளும் சேர்த்துக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுவோம். உறைந்ததும் கேழ்வரகுப் பயிரை வாட்டும் ஒரு பூஞ்சையை அதில் வளர்ப்போம். சோம்பேறிப் பூஞ்சை அது. காசளவு படரவே பல நாள் ஆகும்.

அந்த மழைக்காலத்தில் தட்டு தட்டாக ஆரஞ்சு நிறத்தில் வேறொன்று வர ஆரம்பித்தது. இரண்டே நாளில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்... பார்க்க அழகுதான். எங்கள் வேலை மொத்தமும் போச்சு.

தட்டு கழுவுவது முனியம்மாக்கா. மர்பி டவுனிலிருந்து நடந்தே வருவார். தினக்கூலி. வேலையை விட்டு நிறுத்த ஒரு வார்த்தை போதும்.

எங்கள் ஆபீசர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். "கழுவுறது சரியில்லப்பா. சனிக்கிழமையோட அந்தம்மாவ நிறுத்திடலாம்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு ஒப்பவில்லை. ஐந்து தட்டுகளை நானே கழுவிப் பார்த்தேன். அவற்றிலும் ஆரஞ்சு. அப்படியானால் கழுவுவதில் இல்லை, காற்றில் வருகிறது. பூஞ்சை வளர்க்கும் கண்ணாடி ரூமின் நான்கு மூலையிலும் அகார் ஊற்றிய ஒவ்வொரு தட்டாக மூடியைத் திறந்து வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் மூன்று தட்டுகளில் ஏதோ ஒன்றிரண்டு புள்ளி. ஜன்னலோரத் தட்டு மட்டும் முழுக்க ஆரஞ்சு.

அந்த ஜன்னல் சரியாக மூடாது. பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெளி விளிம்பில் மூன்று சோளக்கட்டைகள்... குங்குமத்தைக் கொட்டியது போல ஆரஞ்சுப் பொடி.

மூன்றும் நான் தின்றவை.

தினமும் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் சுட்ட சோளம் வாங்குவேன். லேபுக்குள் எதுவும் தின்னக்கூடாது என்பது ரூல். ரூலை நான் மீறவே இல்லை! பின்பக்கம் தாழ்வாரத்தில் நின்று தின்பேன். சில நாள் தூக்கிப் போடச் சோம்பல், கட்டையை விளிம்பில் வைத்துவிடுவேன். நெருப்பு பட்ட சோளக்கட்டை என்றால் இந்தப் பூஞ்சைக்கு உயிர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கட்டைகளை எரித்தேன். விளிம்பைப் பினாயிலால் துடைத்தேன். திங்கட்கிழமை ஆபீசரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்று சாயங்காலம் முனியம்மாக்கா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வரவில்லை.

அடுத்த வாரம் தட்டெல்லாம் சுத்தம்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் ஆபீசர். கழுவியதில் கோளாறு என்று லேப் ரெஜிஸ்டரிலும் எழுதினார். ஒரே நாளில் கட்டைகளும் போயிருந்தன, அக்காவும் போயிருந்தார்; அவருக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறென்ன சொல்ல?

பத்து நாள் கழித்து அல்சூர் மார்க்கெட்டில் முனியம்மாக்காவைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தட்டெல்லாம் இப்போ சுத்தமா வருதா தம்பி?"

"வருதுக்கா."

"அப்போ என் கைலதான் இன்னாமோ கோளாறு இருந்திருக்குது" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே இரண்டு சோளம் வாங்கித் தின்று, கட்டைகளை அதே விளிம்பில் வைத்தேன். மழை உதவியது. நாலாம் நாள் ஆரஞ்சுப் பொடி கட்டிவிட்டது, அந்த வாரமே தட்டுகளிலும் வந்துவிட்டது. முனியம்மாக்கா இல்லாமலே!

ஆபீசரைக் கையோடு பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். முகம் சிறுத்துப்போனது.

"நாளைக்கே அந்தம்மாவ வரச்சொல்லு" என்றார். பிறகு, "யாருப்பா இத இங்க வெச்சது?"

"காக்கா கொண்டாந்து போட்டிருக்கும் சார்."

அவர் நம்பினார். பழைய வரியை அடித்துவிட்டு, காக்கா என்றே ரெஜிஸ்டரில் எழுதினார்.

முனியம்மாக்கா வந்தார். விஷயம் கேட்டதும் அவருக்கு வந்த கோபமெல்லாம் காக்காய் மேல்தான். "என் பொழப்புல மண்ணப் போட பாத்தியா?" என்று, வேலையை விடும்வரை வருஷக்கணக்கில், தினம் அந்த ஜன்னல் பக்கம் போய்த் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது மாலில் சோளத்தை உதிர்த்து, வெண்ணெய் போட்டு, கப்பில் தருகிறார்கள். பேத்தி வாங்கித் தந்தாள். சுட்ட வாசனை இல்லை, தூக்கிப் போடக் கட்டையும் இல்லை. எங்கள் ஏரியாவில் காக்காய்களும் குறைந்துவிட்டன.

ஆபீசர் இல்லை, முனியம்மாக்காவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ரெஜிஸ்டர் எங்காவது இருந்தால் அதில் இன்னமும் காக்காய்தான் குற்றவாளி.

அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இத்தனையும் எழுதினேன்...

காக்காய் இல்லைக்கா. நான்தான்.