சாப்பாட்டு மணிக்கு முந்தின விஷயம்

கூட்ட அறையில் கூட்டக்காரர் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வருகிறார். கிரீச்சிடுகிற ஒன்று அகப்பட்டதும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோர்காரர் வழக்கமாக உட்காரும் இடத்தில் போடுகிறார். ஸ்டோர்காரர் ஆடி ஆடிப் பேசுகிறவர். ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். நாற்காலி கத்தினால் பேச்சு தானாகக் குறையும் என்பது இவர் கணக்கு. "மனுசன் நிறுத்தச் சொன்னா கோவிச்சுக்குவாரு. நாற்காலி சொன்னா கேட்டுக்குவாரு" என்பார்.

பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இவரைக் கூட்டக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடையாள அட்டையில் பதவியின் பெயர் வேறு ஏதோ போட்டிருக்கிறது. செய்கிற வேலை என்னவோ திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாவற்றையும் தயார் செய்வதும் அங்கே குறிப்பெடுப்பதும்தான். முறைத்துக்கொண்டு திரிகிற இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவிடமாட்டார். பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவார். திரும்பித் திரும்பிச் சண்டை போட்டால் கழுத்து வலிக்குமாம், பாதியில் விட்டுவிடுவார்களாம். அப்படித்தான் நடக்கிறது.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே சுற்றக் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு மேசையாகப் போய், கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் விஷயத்தைச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் தலையாட்ட வைத்துவிட்டுத்தான் நகர்வார். எல்லாரும் தலையாட்டியான பிறகு தீர்மானத்தை முன்கூட்டியே டைப் அடித்தும் வைத்துவிடுவார். "கூட்டத்துல போயா முடிவெடுப்பாங்க? அது சமைக்காம தட்டைப் போட்ட மாதிரி" என்று சிரிப்பார். நல்ல சிரிப்பு. மேல்வரிசைப் பல் ஒன்று கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அழுக்கான பக்கம் ஒன்றும் உண்டு. மானேஜருக்குப் பிடிக்காத விஷயம் ஏதாவது வந்தால், அதை அஜெண்டாவில் கடைசியாக, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பார். பசி வயிற்றைக் கிள்ளும்போது யாரும் நியாயம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் எழுந்துவிடுவார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, விஷயம் மட்டும் செத்துப்போகும். பெயின்ட் ஷெட்டில் வாடையை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் கேட்டது இப்படித்தான் திரும்பத் திரும்பச் செத்தது. கொன்றவர் இவர்தான். கொன்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

தூக்கம் கெட்டது, அவருடைய அக்காவை பேக்கிங்கிலிருந்து பெயின்ட் ஷெட்டுக்கு மாற்றிய பிறகு. தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டுவிட்டு அதே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள் அவள். இப்போதும் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே உலை. ஷெட்டுக்குப் போன கொஞ்ச நாளில் இருமல் பிடித்துக்கொண்டது. மருந்துக்கும் அசையவில்லை. எதைத் தின்றாலும் பெயின்ட் வாடை அடிக்கிறது என்று பாதியில் எழுந்துவிடுகிறாள். மற்றவர்கள் இருமியபோது கேட்காத காது, அக்கா இருமியதும் கேட்டது. சொல்ல வெட்கம்தான். ஆனால் அப்படித்தான் நடந்தது.

போன வாரம் எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தை அஜெண்டாவில் முதலாவதாக வைத்தார். சுற்றக் கிளம்பினார். "என்ன பெரிய செலவு? நான் பேசுறேன், நீங்க கவலைய விடுங்க" என்றார் கணக்கர். "நம்ம ஆளுங்க விஷயம், விட்டுக் குடுத்துருவேனா?" என்றார் ஸ்டோர்காரர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அக்காவிடம், "இந்த வாட்டி முடிஞ்சிரும்க்கா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் மானேஜர் அஜெண்டாவைப் புரட்டிப் பார்த்தார். "இது முக்கியமான விஷயமாச்சே. அவசரப்பட வேணாம். மத்ததையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா எடுப்போம்" என்றார். அது கூட்டக்காரரின் சொந்த வசனம். மானேஜர் புதிதாக வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

மற்றதெல்லாம் முடிவதற்குள் வராண்டாவில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கணக்கர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். ஸ்டோர்காரர், ஊரே அறிந்த வாயாடி, மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மானேஜர் ஃபேன் விஷயத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "யாராச்சும் எதாச்சும் சொல்றீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தார். பார்வை கூட்டக்காரர் மேலும் வந்து நின்றது. குறிப்பெடுக்கிறவன் வாய் திறக்கக் கூடாது என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அதைச் சொல்லியே நல்ல பெயரும் வாங்கியிருந்தார். அன்றைக்கு ஒரே ஒரு தரம் மீறியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், கணக்கருக்கும் சேர்த்து வாய் திறந்திருக்கும். நோட்டைப் பார்த்துக் குனிந்து, 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினார். கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது.

வெளியே வரும்போது கணக்கர் அவர் தோளைத் தட்டி, "தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு சூழ்நிலை சரியில்ல" என்றார். அதற்கும் சிரித்துவைத்தார்.

கேன்டீன் மூலையில் அக்கா சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எதிரில் வந்து உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"என்னடா ஆச்சு?"

"நேரமாயிருச்சுக்கா. கடைசிக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"யாரு பேசுனா?"

"யாரும் பேசல."

"நீ?"

அவர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "நான் எழுதுறவன்க்கா. எழுதுறவன் பேசக் கூடாது."

அக்கா பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள். தோளில் கிடந்த துணியை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாப்பாடு முடிகிற மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஷெட்டுக்குள் போய்விட்டாள்.