பஞ்சு அழிக்காத விடை

நான் ஆங்கிலம் நடத்தும் வகுப்பில் இன்று கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தபோது, அம்மா வேலை பார்த்த, எப்போதோ இடித்துவிட்ட பீங்கான் கொட்டகையின் மண்வாசம் வந்தது. அங்கே அம்மா, இன்னும் சூளையில் சுடாத பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஈரப் பஞ்சால் வழித்து மழுப்பிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆங்கிலப் பாடத்தில் கோடிட்ட இடத்துக்கு ‘இன் விச்’, ‘டு ஹூம்’ என இரண்டு விடைகளையும் கட்டையின் அடியில் பென்சிலால் எழுதுவேன்.

“எது பாப்பா தப்பு?” என்பாள் எழுத்தறியாத அம்மா. நான் காட்டியதை அதே பஞ்சால் அழிப்பாள்.

பரீட்சைக்கு முந்தின நாள், எது தப்பென்று எனக்கே தெரியவில்லை.

“கலெக்டரம்மா யோசிக்கிற வரைக்கும் சூளை காத்திருக்குமாடி?” என்றாள் கூட வேலை செய்த அக்கா.

“சரியானத அழிச்சிட்டா பாப்பா என்னாக்கா பண்ணும்? இது ஒண்ணு வூட்டுக்கு வரட்டும்,” என்றாள் அம்மா.

சூளையில் சுடாத அந்தப் பச்சைக் கட்டை, இரண்டு விடைகளோடும் இன்றும் என் மேசையில் இருக்கிறது. எது தப்பென்று இப்போது தெரியும். அதையும் நான் அழிக்கவில்லை.