படியேறாத முட்டைகள்

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு விடியற்காலை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஓர் அட்டைப்பெட்டிக்காகக் காத்திருந்தேன்.

பெட்டிக்குள் முட்டைகள். சாப்பிடுகிற முட்டை அல்ல... குஞ்சு பொரிக்கிற முட்டை. குருநாகல் பக்கத்தில் கோழி வளர்க்கிற ஒரு அம்மா, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, உமிக்குள் புதைத்து, இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

கண்டக்டர் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார்.

"அண்ணை, என்ரை சீற்றுக்குப் பக்கத்திலை வைச்சுத்தான் கொண்டுவந்தனான். ஆனா ரோட்டுக்கு நான் பொறுப்பில்லை... இப்பவே சொல்லிப்போட்டன்."

நியாயமான பேச்சு. நம் ரோட்டுகளுக்கு யார்தான் பொறுப்பு?

முட்டை யாருக்கு என்று கேட்கிறீர்களா? என் மனைவி யோகாவுக்கு. போன மாரியில் அவளுடைய கோழிகள் எல்லாம் ஒரே வாரத்தில் வருத்தம் வந்து செத்துப்போயின. அவள் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் காலையில் எழும்பியதும் வெறும் கூட்டின் கதவைத் திறந்துவிடுவாள். பொழுதுபட்டதும் போய்ப் பூட்டுவாள்.

"ஏனப்பா உந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை பழகிப்போச்சு" என்றாள்.

தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடியுமா? என்னால் முடியவில்லை. அதனால்தான் அவளுக்குச் சொல்லாமல் ஓர் இன்குபேட்டரும் இந்த முட்டைகளும் ஓடர் பண்ணினேன்.

சண்டிலிப்பாய்க்குத் திரும்பி வந்த அந்தப் பயணம் இருக்கிறதே... என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் மோட்டார் சைக்கிள் ஓடியதில்லை. பெட்டி மடியில். கீரைக்கட்டோடு போன சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். போகட்டும். வயல்வெளிக்கு மேலே வெயில் இன்னும் முற்றாக விழவில்லை. மடியில் இருப்பவர்கள் எல்லாரும் நித்திரை என்று எனக்குள் ஓர் எண்ணம். பள்ளம் வரும்போதெல்லாம் "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வந்தேன். நல்லகாலம், ஹெல்மெட்டுக்குள் சொன்னது வெளியே கேட்காது.

வீட்டு வாசலில் யோகா. தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறு. வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் வாசனை.

"இஞ்சருங்கோ, உது என்ன பெட்டி?"

"முட்டை" என்றேன், பெருமையாக.

"முட்டையோ! இண்டைக்கு நல்லூர்க் கொடியெல்லே!"

அப்போதுதான் உறைத்தது. நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால், தேரும் தீர்த்தமும் முடியும் வரை எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாமே எங்களுக்கு மச்சம்தான். மீன் சட்டிகூடக் கழுவிக் கவிழ்க்கப்பட்டு விறகுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. வருடத்தில் எத்தனையோ நாள் இருக்க, நான் பெட்டி நிறைய முட்டையோடு வந்து நிற்பது கொடியேற்றத்தன்று!

"தின்னுறதுக்கில்லையப்பா. குஞ்சு பொரிக்க. உமக்குத்தான்..."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்ததைக் கண்டேன். கண் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வெறும் கூட்டுக்குப் போய், திரும்பி வந்தது. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"தின்னாட்டிலும் முட்டை முட்டைதானே. படி ஏறாதேங்கோ."

ஏறவில்லை. கிணற்றடியில் தண்ணீர் மோட்டருக்கு ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. முட்டைகள் அங்கே குடிபோயின.

ஒருவிதத்தில் அது நல்லதாகப் போயிற்று. குருநாகல் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்: "சேர், பஸ்ல குலுங்கி வந்த முட்டைய ஒடனே மெஷின்ல வைக்க வாணாம். உள்ளுக்கு இருக்கிற காத்துப்பை ஆடிப்போயிருக்கும். கூர்ப்பக்கத்தக் கீழ வச்சு, ஒரு நாள் நெழல்ல சும்மா விடுங்க."

சும்மா விடுவது! நமக்கு வராத ஒரே வேலை அதுதானே? நான் தனியாக இருந்திருந்தால், வந்த கையோடு மெஷினுக்குள் அடுக்கியிருப்பேன். கொடியேற்றம்தான் கையைக் கட்டிப்போட்டது. கிணற்றடிக் குளிர்ச்சியில் முட்டைகள் அன்று முழுவதும் அசையாமல் நின்றன. களைப்புத் தீர்ந்தால் முட்டைக்கும் முகம் தெளியுமா? எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள், முன்னமே வாங்கி ஒளித்து வைத்திருந்த இன்குபேட்டரைக் கொட்டிலுக்குள்ளேயே பொருத்தினேன். சனி அங்கேதான் தொடங்கியது. மத்தியான வெயிலில் தகரம் கொதிக்க, மெஷினின் சூடு ஏறும். ஓடிப்போய்க் கூரையில் ஈரச் சாக்குப் போடுவேன். பின்னேரம் ஊரெல்லாம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம் கரன்ட் மங்கும். சூடு இறங்கும். ஓடிப்போய்ப் பழைய போர்வையால் போர்த்துவேன். வீட்டுக்குள்ளே சோலர் பற்றரி சும்மா கிடக்கிறது... ஆனால் படி ஏற முடியாதே!

பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு காவலிருந்தேன். சின்ன விசிறியின் ஒரே சீரான இரைச்சல். சுவரில் வாழையிலை நிழல் ஆடிக்கொண்டிருக்கும். அரைத் தூக்கத்தில் முட்டைகளைத் திருப்பி வைப்பேன். கனவில் திருப்பினேனா, நேரிலா என்று சந்தேகம் வந்து மறுபடி எழும்பிப் பார்ப்பேன். முட்டைக்குள் கனவு இருக்குமா? இன்னும் எதையுமே பார்க்காத ஒன்று எதைக் கனவு காணும்? பதில் தெரியாமலே கண் சொருகிவிடும். அவ்வளவு சுகமான நாட்கள் எனக்குச் சமீபத்தில் வாய்க்கவில்லை. ஆனால் பயமும் இருந்தது. இவையும் போய்விட்டால் அந்த வெறும் கூட்டை இனி எந்த முகத்தோடு பார்ப்பது?

ஒரு கிழமை கழிந்தது. பொழுதுபடுகிற நேரம். அட்டையில் ஓட்டை போட்டு, அடியில் போன் டோர்ச்சை வைத்து, ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். கோவிலுக்குப் போய்த் திரும்பிய யோகா, கூட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டில் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீர் ஒருக்கால் வந்து பாரும்."

"நான் விரதம்."

"பாக்கிறதுக்கு என்ன விரதம்?"

வந்தாள். குனிந்தாள். முட்டைக்குள் மெல்லிய சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அது துடித்தது.

"ஐயோ... இது அசையுதப்பா."

அந்தப் பொட்டு துடிக்கத் துடிக்க, குனிந்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி வாய் திறந்தபோது அவளுடைய குரலே மாறியிருந்தது.

"உயிருள்ள சீவனைக் கொண்டுவந்து மோட்டர் கொட்டிலுக்கை வைச்சிருக்கிறியளே, உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?"

எனக்கா? நீங்களே சொல்லுங்கள்!

அன்றே இன்குபேட்டர் படியேறியது. பற்றரி லைன் உள்ள பிளக் எங்கள் வீட்டில் ஒன்றுதான். அதுவும் சாமி அறை வாசலோடு. நான் தயங்கி நின்றேன்.

"அதிலையே வையுங்கோ" என்றாள்.

நரம்பு தெரியாத சில கூழ் முட்டைகளும் இருந்தன. "அப்ப உதுகள்?" என்று கேட்டேன்.

"உதுகள் முட்டை. வெளியிலை."

எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டுச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அதில் ஒரு கதவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் போட்டவர்தான் அதைத் திறக்க வேண்டும். நாம் தள்ளினால் திறக்காது.

அதற்குப் பிறகு முட்டை திருப்புவது அவள் பொறுப்பு. விளக்கேற்றிவிட்டு வருவாள், திருப்புவாள், முணுமுணுப்பாள். தேவாரமா, கதையா என்று நான் கேட்கவில்லை.

சப்பறத் திருவிழாவன்று பின்னேரம் ஒரு முட்டையில் மெல்லிய கீறல். மறுநாள் தேர். யோகா இதுவரை தேர் தவறவிட்டதில்லை. அரை மனதோடு பஸ் ஏறினாள்.

தேர் இருப்பிடத்தை விட்டு அசைந்த நேரம் போன் அடித்தது. வீடியோ கோல். திரை முழுவதும் சனம், மணல், வெயில். "அரோகரா" சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று.

"வந்திட்டுதோ?"

போனை இன்குபேட்டர் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். ஓடு இரண்டாகப் பிளந்து, நனைந்த ஒன்று தலையைத் தூக்கியது. கீச் என்றது. போனில் வந்த அரோகரா சத்தம் குஞ்சுக்குக் கூடிவிட்டதோ என்று போனை விலக்கப் போனேன்.

"சத்தத்தைக் குறைக்காதேங்கோ... அதுகளுக்கும் கேக்கட்டும்!"

திரையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். கோழிகள் செத்தபோது அழாதவள்.

எல்லாம் பொரிக்கவில்லை. ஏறக்குறையப் பாதி முட்டைகள் ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. தூரப் பயணம் வந்தவற்றில் அது வழமைதானாம். அவற்றை அவளே வாழையடியில் குழி தோண்டித் தாட்டாள்.

குஞ்சுகள் இப்போது வளர்ந்துவிட்டன. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து கூட்டுக்கு மாற்றினோம். இன்று காலை அவள் வழக்கம்போலப் போய்க் கதவைத் திறந்தாள். இந்தமுறை உள்ளேயிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.

விரதம் எப்போதோ முடிந்துவிட்டது... முட்டைப் பொரியல் கேட்கத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.