ஐந்து மணிக்கு ஒரு சைபர்

பட்டன் அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருட சர்வீஸ். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணிகளில் உதிர்ந்த பட்டன்களைத் தைப்பதும், எந்தத் துணி எந்த ஹோட்டலுடையது என்று தெரிய எண் போட்ட சின்னத் துண்டைக் குத்துவதும் அவள் வேலை. வாயில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும். அதனால் பேச்சு குறைவு. ஊசிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள் என்றால் எதிரில் நிற்பவர் உட்கார இடம் தேட வேண்டியதுதான்.

அப்படி அவள் ஒரு வாரம் முழுக்க ஊசி இல்லாமல் பேச வேண்டி வந்தது ஒரு கடிகாரத்துக்காக.

கூடத்தின் பழைய கடிகாரம் நீராவி குடித்துக் குடித்து ஒருநாள் நின்றுபோனது. தண்ணீர் தெறிக்கிற இடம் என்பதால் போன்கள் எல்லாம் வெளியே அலமாரியில். கையில் கடிகாரம் கட்டவும் கூடாது, வார் உருளையில் சிக்கிக்கொள்ளும். சூப்பர்வைசர் மட்டும் கட்டியிருப்பார். அது காலையில் பத்து நிமிஷம் முந்தி ஓடும், மாலையில் பத்து நிமிஷம் பிந்தி ஓடும். அவருக்குப் பெயரே ‘பத்து நிமிஷம்’.

மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம் போனால் பத்து நிமிஷம்தான். பட்டன் அக்காவுக்கு அப்படி இல்லை. ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு சரி. ஐந்துக்கு வேலை முடிந்தால் ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்து ஐந்து நாற்பதுக்கு வார்டில் நிற்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேரும்போது வாசலில் பூட்டுதான் வரவேற்கும். நான்கு நாளாகப் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

“கடிகாரம்தானே? பாதிப் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க, வாங்கிடலாம்” என்றார் மேனேஜர். “இல்லேன்னா அந்தப் பணத்துல என் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுடுவேன்.”

அக்கா கடிகாரக் கடைக்குப் போய், சுவரில் இருந்தவற்றில் பெரிய எண்களாகத் தெரிந்த ஒன்றைக் கைகாட்டினாள். கடைக்காரர் ஆர்டர் தாளை நிரப்பிக் கொடுத்தார். அதைப் படிக்காமலே மடித்து எடுத்து வந்தாள். படித்தது துணி மடிக்கும் மேசைச் சித்திதான், அதுவும் முப்பத்துநாலு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சத்தமாக.

“வட்ட வடிவம். வெள்ளைப் பின்புலம். எண் வகை... அரபு.”

சித்தி தாளை மடியில் போட்டாள்.

“அரபா? ஏன்டியம்மா, நம்மள்ல யாருக்கு அரபு தெரியும்?”

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். “நான் பாத்தப்ப சாதாரணமாத்தான் இருந்துச்சு சித்தி.”

“கடையில அப்படித்தான் இருக்கும். இங்க வந்து மாட்டினதும் தெரியும்.”

அப்போது வேன் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு வருடம் அரபு நாட்டில் வண்டி ஓட்டியவர். அதைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்காதா என்று எட்டு வருடமாகக் காத்திருந்தவர்.

“அங்க நம்பரே வேற மாதிரி. அஞ்சு எப்படி இருக்கும் தெரியுமா? வட்டமா, நம்ம சைபர் மாதிரி. ஆறு நம்ம ஏழு மாதிரி இருக்கும். சைபர்னா வெறும் புள்ளி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வினையாகப் போனது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடிகாரத்தில் சைபர் தெரிந்தால் பத்து நிமிஷம் யாரை வீட்டுக்கு விடுவார்? ஆறு அடித்தால் ஏழு என்று ஒரு மணி நேரம் லாபம் கிடைக்குமே என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். அஞ்சையே தாண்ட முடியாதவளுக்கு ஆறு எதுக்கு என்று அவளை அடக்கிவிட்டார்கள். தாளில் இரண்டே கையெழுத்து விழுந்தது. ஒன்று அக்காவுடையது. இன்னொன்று காது கேட்காத இஸ்திரிக்காரருடையது.

மறுநாள் வேலைக்கு வரும் வழியில் அக்கா கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

“இதாம்மா அரபு எண்” என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக் காட்டினார் அவர். “நாம தினமும் எழுதறோமே, இதேதான். பொறந்தது இந்தியாவுல. அங்கேர்ந்து அரபுக்காரங்க எடுத்துட்டுப் போனாங்க. ஐரோப்பாக்காரங்க அவங்ககிட்ட கத்துக்கிட்டாங்க, அதனால அவங்க பேரையே வெச்சுட்டாங்க. வழியில வடிவம் கொஞ்சம் கொஞ்சமா மாறிடுச்சு. உங்க டிரைவர் சொல்றது அதே குடும்பத்துல வேற கிளை.”

அக்கா இதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, சாப்பாட்டு வேளையில் அப்படியே ஒப்பித்தாள்.

“இந்தியாவுல பொறந்ததுன்னா இந்திய நம்பர்னு போட வேண்டியதுதானே?” என்றாள் சித்தி.

“பொறந்த வீட்டுப் பேரை யாரு சித்தி கேக்கறா? போய்ச் சேந்த வீட்டுப் பேருதான் நிக்குது.”

“அங்க இருந்தவன் நானா, அவனா?” என்றார் டிரைவர். “கடைக்காரன் சரக்குத் தள்ளணும்னா எதையும் சொல்லுவான்.”

“எதுக்கு வம்பு, நம்ம தமிழ் எண்ணையே போடச் சொல்லிடலாம்” என்றார் பாய்லர்காரர்.

“உனக்குத் தமிழ்ல ஏழு எழுதத் தெரியுமாய்யா?” என்றாள் சித்தி.

“எனக்கு எதுக்குத் தெரியணும்? கடிகாரத்துக்குத் தெரிஞ்சாப் போதும்.”

வெள்ளிக்கிழமை காலை வரை அதே இரண்டு கையெழுத்து. அக்கா தாளை மேசைமேல் விரித்தாள். பிறகு பேனாவை எடுத்து ‘அரபு’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘சாதா நம்பர்’ என்று எழுதினாள். கால் மணி நேரத்தில் முப்பத்தொரு கையெழுத்து. டிரைவர் தேதியும் போட்டார், நாம் தினமும் எழுதும் அதே அரபு எண்ணில்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. பிரித்தார்கள். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, அப்புறம் இங்கிலீஷ் எழுத்து. கடிகாரக் கம்பெனிப் பட்டியலில் ‘சாதா’ என்றொரு வகையே கிடையாதாம். இருப்பதிலேயே நன்றாக விற்பதை, ரோமன் எண் போட்டதை, அனுப்பிவிட்டார்கள். மாற்றித் தர ஒரு மாதம் ஆகுமாம்.

“அரபு இல்லையே, அதுவரைக்கும் நிம்மதி” என்றாள் சித்தி.

முள் இருக்கும் இடத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம்தான். ஆனால் பத்து நிமிஷத்திடம் வாதாட இடம் போதாது, எண் வேண்டும். அன்று மாலை அக்கா முள்ளைக் காட்டி, “சார், மணி அஞ்சு” என்றாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். “எங்கம்மா அஞ்சு? வி-ன்னு போட்டிருக்கு. கடிகாரத்தைக் கொஞ்சம் சாச்சு மாட்டிட்டாங்க, அதான் அப்படித் தெரியுது. என் வாட்ச்சுல இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

அன்றும் பூட்டுதான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் அக்கா தன் டப்பாவிலிருந்து துணி எண் துண்டுகளைக் கொட்டினாள். வெள்ளைத் துண்டு, சிவப்பு நூலில் எண். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பொறுக்கி எடுத்தாள். சட்டைக் காலருக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு இஸ்திரி மேசைமேல் ஏறினாள்.

“அக்கா, விழுந்து வெச்சா புருஷனுக்குப் பக்கத்துக் கட்டில்தான்” என்று டிரைவரே ஸ்குரூ டிரைவரோடு வந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு துண்டையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “ம், இது நம்ம நம்பர்தான், ஒட்டுங்க” என்று நீட்டினார்.

அக்கா வாங்கி ஒட்டினாள். வாயில் ஊசி இருந்தது. அன்று அது நல்லதாகப் போயிற்று.

மாலை சின்ன முள், நூல் பிரிந்த சிவப்பு ஐந்தைத் தொட்டது. பத்து நிமிஷம் தன் மணிக்கட்டைத் தூக்கினார். முப்பத்துநாலு பேரும் ஒன்றாகச் சுவரைக் காட்டினார்கள். அவர் ஒருமுறை சுவரைப் பார்த்தார், ஒருமுறை வாட்ச்சைப் பார்த்தார், வாட்ச்சைக் காதில் வைத்து ஆட்டினார்.

“பேட்டரி வீக்கா இருக்கும்போல” என்றார்.

ஐந்து நாற்பதுக்கு அக்கா வார்டில் நின்றாள். புருஷன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“என்ன, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“கடிகாரம் வந்துடுச்சுங்க.”

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கே, என்ன பேசறது?”

அக்கா ஊசிகளை எடுத்து முந்தானையில் குத்தினாள். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

அந்தக் கடிகாரம் இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. அக்கா இல்லை. கஞ்சி காய்ந்து எந்த எண் உதிர்ந்தாலும் யாராவது ஒட்டிவிடுகிறார்கள். ஐந்து மட்டும் உதிரவே இல்லை. அதற்கு மட்டும் அவள் இரண்டு முறை கஞ்சி தடவியிருந்தாள்.