பாக்கியம் அக்காவின் கைப்பிடி

குடியிருப்பவரை வீட்டைவிட்டு வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். அவர் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது வெளியேற்றம் அல்ல, திருட்டு. நில அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை இதைத்தான் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எந்த விண்ணப்பப் பாரத்திலும் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் வேண்டாம்.

என் மனைவியின் தம்பி குணா, பத்து காஜா ஊர்ப் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினான், சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட. அதில் பாக்கியம் அக்கா இருந்தார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பால் மரம் வெட்டி, வெட்டுக் கத்தியில் ஆள்காட்டி விரலில் பாதியை இழந்தவர். அவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குணா பூட்டை மாற்றினான். திரும்பி வந்தவர் வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார், விடவே இல்லை. குணா கூட்டிவந்த இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

"நீயும் ஒரு நாளைக்கு இதப் புடிச்சிக்கிட்டு நிப்படா."

"நிக்கிறேன் லா அக்கா. இப்பக் கைய எடுங்க."

அவர் சார்பில் நான்தான் முறைப்படி புகார் எழுதினேன். பதில் வருவதற்குள் அவர் உறவினர் வீட்டில் கண்ணை மூடிவிட்டார்.

குணா அந்தக் கைப்பிடியை மிஷினில் தேய்த்துப் பளபளக்க வைத்தான். நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. பழசாகத் தெரிந்தால்தான் விருந்தினருக்குப் பிடிக்கும் என்று உடனே என்னிடம் கொண்டுவந்தான். ஓய்வுக்குப் பிறகு பித்தளைக்கு வயதேற்றுவது என் பொழுதுபோக்கு. முடியாது என்றேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். செய்தேன்.

வேலை எளிது. சோப்பில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, கையுறை போட்டு, மூடிய வாளிக்குள் அம்மோனியாவுக்கு மேலே தொங்கவிட வேண்டும். ஆவி பட்டுப் பழுப்பேறும். வெறுங்கை பட்ட இடம் மட்டும் கறுக்காது. மறுநாள் மூடியைத் திறந்தால், நம்பினால் நம்புங்கள், பழுப்புக்கு நடுவில் நான்கு விரல் தடம் மின்னிக்கொண்டிருந்தது, அதில் ஒன்று பாதி. தேய்த்துவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் அதே நான்கு.

"கையுற போடலயா மச்சான்?"

"போட்டேன். என் விரல் எல்லாம் முழுசாத்தான் இருக்கு, எண்ணிப் பாரு."

அவன் சிரித்துவிட்டுக் கொண்டுபோய்க் கதவில் மாட்டினான்.

முதல் விருந்தினர்கள் வந்த அன்று நண்பகலில் புந்தோங்கில் என் வீட்டில் இருந்த எனக்குப் போன் அடித்தான். "மச்சான், கை வரமாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கைப்பிடியைப் பிடித்தபடி, சட்டையெல்லாம் நனைந்து, வெயிலில் நிற்கிறான். கதவும் திறக்கவில்லை, கையும் பிரியவில்லை. விருந்தினர்கள் காருக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். நானும் அவர்களுடைய டிரைவரும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். வந்த கையின் புறத்தில், மேலிருந்து யாரோ அழுத்திப் பிடித்தது போல, நான்கு பழுப்புக் கோடுகள், ஒன்று பாதி. புளி, எலுமிச்சை, எதற்கும் அது போகவில்லை. இன்றைக்கும் குணா அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் பேசுகிறான். எனக்கு வருத்தம் என்று சொன்னால் அது பொய்.

அவன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் எறிந்துவிட்டு சிம்பாங் பூலாய்க்குப் போய்விட்டான். வீட்டைப் பார்த்துவர நான் போனபோதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஒற்றை விரலில் திறந்தது.

பிறகு என் புகாருக்குப் பதில் வந்தது: விசாரணை முடியும்வரை திருமதி பாக்கியம் அவ்வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம், அவர் அனுமதியின்றி எவரும் உள்ளே நுழையக் கூடாது. செத்தவருக்கு அனுமதி கொடுக்கும் அழகை நினைத்துச் சிரித்துக்கொண்டே அன்று மாலை அங்கே போனேன். பூட்டில் சாவி திரும்பியது. கைப்பிடியை அழுத்தினேன், அசையவில்லை. அன்று வெயிலே அடிக்கவில்லை, ஆனாலும் பித்தளை கதகதவென்று இருந்தது. உள்பக்கம் யாரோ அதை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தார்கள்.

விதி விதிதான். கையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கதவு எவருக்கும் திறக்கவில்லை. உத்தரவு பதில் வந்த அன்றே, தைப்பூசத்துக்கு மறுநாளே, அமலுக்கு வந்துவிட்டது.